பீலித் தண்ணீரும் ஒரு கட்டைச் சுருதியும்

(பசறையில் ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெட்டியைப் பற்றி. எட்டுக் கால் உள்ள ஒரு ஐசி, நாலைந்து தடையி, இரண்டு கொள்ளளவி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒரு ஸ்பீக்கர், 9 வோல்ட் மின்கலம் ஒன்று. இவ்வளவும் ஒழுங்காகச் சேர்ந்தால் அந்தப் பெட்டி ‘ஸ’ பிடிக்கும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் படிக்கிற ஒவ்வொரு மலையகப் பிள்ளையும் இப்படி ஒரு பெட்டியைத் தன் கையால் செய்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் கோரிக்கை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அது எப்படிப் பாடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அதன் பெறுமதி முழுவதும் அந்த ‘எப்படி’க்குள்தான் இருக்கிறது.

லயத்துப் பீலியடியில் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஒரு வாளி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தவுடன் ஒருவர் அதைச் சாய்க்கிறார். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்வரை ஊற்றிவிட்டு மறுபடி பீலிக்கடியில் வைக்கிறார். நிறைகிறது, சாய்க்கிறார், மறுபடி நிறைகிறது. கொள்ளளவிதான் வாளி. தடையி, பீலியின் குழாய். சாய்க்கிற ஆள் அந்த ஐசி. குழாய் ஒடுங்கினால் வாளி மெதுவாக நிறையும், குழாய் அகன்றால் வேகமாக நிறையும். இந்த நிறைதலும் சாய்தலும் ஒரு செக்கனில் இருநூற்றுச் சொச்சம் தடவை நடந்தால், ஸ்பீக்கரின் தாள் அத்தனை தடவை முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவு காதுக்கு ஒரு சுரமாகக் கேட்கும்.

இந்த ஐசிக்கு 555 என்று பெயர். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஹான்ஸ் கமன்சிண்ட் என்பவர் 1971இல் இதை வடிவமைத்தார். அதற்குச் சற்று முன்புதான் அவர் தன் நிறுவன வேலையை விட்டிருந்தார். ஒப்பந்த அடிப்படையில் தனியாக இருந்து வரைந்தார். உள்ளே இருக்கிற இருபதுக்கு மேற்பட்ட திரான்சிற்றர்களின் அமைப்பை, கணினி துணையில்லாமல், கையாலேயே வரைந்து வெட்டினார். சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1972இல் அதை விற்பனைக்கு விட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அது உற்பத்தியாகிறது; எந்த ஊர் எலெக்ட்ரோனிக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று விகிதத்தை வைத்து வேலை செய்வதால், மின்கலம் தேய்ந்து வோல்ட் இறங்கினாலும் சுருதி பெரிதாக இறங்காது. அதன் அழகே இதுதான் என்பேன்.

இனிக் கணக்கு. பிள்ளைகள் கவனியுங்கள். முதல் தடையியோடு இரண்டாம் தடையியின் இரு மடங்கைக் கூட்டுங்கள். அந்தத் தொகையைக் கொள்ளளவால் பெருக்குங்கள். 1.44ஐ அந்தப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது மீடிறன், அதாவது ஒரு செக்கனில் எத்தனை தடவை என்ற எண். முதல் தடையி 1 கிலோ ஓம், இரண்டாவது 27 கிலோ ஓம் என்று வையுங்கள். கூட்டினால் 55 கிலோ ஓம். கொள்ளளவி 0.1 மைக்ரோ பரட். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 262 வரும். அந்த 262 ஹேர்ட்ஸ்தான் ஆர்மோனியத்தின் நடுவில் இருக்கிற ‘சி’. பாட்டு வாத்தியார்கள் ஒரு கட்டை என்று சொல்கிற சுருதி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற மூன்று சாமானைச் சேர்த்தால் நேராக ஒரு கட்டையில் வந்து நிற்கிறது. முதன்முதல் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் போகவில்லை.

அடுத்தது பஞ்சமம். ‘ஸ’வுக்கும் ‘ப’வுக்கும் உள்ள விகிதம் 2க்கு 3 என்று சங்கீத ஆசிரியர் சொல்லித் தந்திருப்பார். 262இன் ஒன்றரை மடங்கு 393. கடையில் அதற்கு அண்மையாகக் கிடைப்பது 18 கிலோ ஓம். 27 கிலோ ஓமுக்குப் பதிலாக அதைப் போட்டால் வருவது 389. நாலு ஹேர்ட்ஸ் குறைகிறது. பாடிப் பழகிய காது உடனே முகம் சுளிக்கும். என்ன செய்வது? 15 கிலோ ஓம் தடையியோடு, சின்னத் திருப்புளியால் திருகிக் கூட்டிக் குறைக்கிற பிரீசெட் ஒன்றைத் தொடராக இணைக்க வேண்டும். பிறகு கணக்கை மூடி வைத்துவிட்டுக் காதைத் திறக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, பஞ்சமம் வந்து உட்காருகிற இடத்தில் கையை எடுக்க வேண்டும்.

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. ஒரே வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரே மாதிரியான கிட் கொடுங்கள். அச்சடித்த அதே இலக்கங்கள், அதே இணைப்பு. ஆனாலும் முப்பது பெட்டியும் முப்பது சுருதியில் கத்தும். தடையியின் கடைசிக் கோடு பொன் நிறமாக இருந்தால் ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று பொருள். கொள்ளளவிகளில் அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். புத்தகக் கணக்கு பிழையில்லை. பொருள்கள் அப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் ஒருவர் பெட்டியை ஒருவர் கேட்டு, ஒரு பெட்டியைத் தலைமையாக வைத்து, மற்ற இருபத்தொன்பதையும் அதனோடு சேர்க்க வேண்டியிருக்கும். சோதனைத்தாளில் விடை எழுதுகிறபோது பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்க்கக் கூடாது என்று வளர்த்திருக்கிறோம். இந்த வேலையில் பக்கத்துப் பிள்ளையைக் கேட்காமல் யாரும் முடிக்க முடியாது.

சுருதி சேர்ப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. மாசி மாதத்தில் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிறவர் முதலில் என்ன செய்கிறார்? நெருப்பு மூட்டித் தோலைக் காட்டுகிறார். மழையிலும் மூடுபனியிலும் ஊறித் தளர்ந்த தோல் சூட்டில் இறுகுகிறது. விரலால் தட்டிப் பார்க்கிறார், மறுபடி காட்டுகிறார். ஒலி கூர்மையாகி, அவர் மனதில் இருக்கிற இடத்துக்கு வந்ததும் எழுந்து போய் அடிக்கத் தொடங்குகிறார். மன்மதனும் ரதியும் வருகிற கட்டத்துக்கு ஒரு அடி, எரிகிற கட்டத்துக்கு வேறு அடி. தோலின் ஈரப்பதன், இழுவிசை, மீடிறன் ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவு அவர் கைக்கும் காதுக்கும் தெரியும். பிரீசெட்டைத் திருகுகிற பிள்ளை செய்கிற அதே வேலைதான் அது.

அந்த மனிதருக்கு நாம் என்ன இடம் கொடுத்தோம் என்பதையும் இந்த அவையில் சொல்லத்தான் வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து வேலைக்குத் திரளுவதற்கு, ஆட்களை எழுப்ப அவர் வேண்டியிருந்தது. சாவு வீட்டுக்கு வேண்டியிருந்தது, திருவிழாவுக்கு வேண்டியிருந்தது. சாதியின் பெயரால் அவரை ஓரத்தில் நிறுத்தினோம். அவர் அறிந்திருந்ததை அறிவு என்று எந்தப் பள்ளிக்கூடமும் எழுதிவைக்கவில்லை. அதனால் என் முதல் யோசனை இது: கிட் செய்கிற வகுப்பின் முதல் நாள், தோட்டத்துத் தப்புக் கலைஞர் ஒருவரை விஞ்ஞான ஆசிரியருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். சுருதி சேர்ப்பது என்றால் என்ன என்று அவர் சொல்லித் தரட்டும். அதற்குரிய கொடுப்பனவையும் மரியாதையாகக் கொடுங்கள்.

கையால் செய்து பழகுவதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு வரலாற்றிலிருந்து சிலதைச் சொல்கிறேன். நம் நாட்டில் வானொலி எப்படி வந்தது? எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிச் சாதனங்களைக் கொண்டு, தன் திணைக்களத்தாரோடு சேர்ந்து அனுப்பி ஒன்றைக் கட்டினார். 1923இல் கொழும்பில் பரீட்சார்த்தமாக இசை ஒலிபரப்பினார்கள். 1925 டிசம்பரில் நிலையம் முறையாகத் தொடங்கியது. பிற்காலத்தில் தோட்டத்து லயங்களில் எத்தனையோ பேருக்குப் பாட்டும் செய்தியும் கொடுத்த இலங்கை வானொலியின் வேர் கழற்றிய சாமான்களில் இருக்கிறது.

அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்ற பையன் இருந்தான். 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் டெர்மன் கண்டுபிடித்த, தொடாமலே கையை அசைத்து வாசிக்கிற தெர்மின் கருவியைப் பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்துப் பதின்ம வயதில் செய்தான். 1954இல் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே தெர்மின் செய்து விற்றான். 1961இல் பிறர் தாங்களே பூட்டிக்கொள்ளக்கூடிய தெர்மின் கிட்டுகளை விற்றான். 1964இல் அதே கை செய்ததுதான் மூக் சிந்தசைசர். உலக இசையின் ஓசையையே மாற்றிய கருவிக்கு அடியில் ஒரு பையனின் கிட் இருக்கிறது.

அந்த மூக் கருவி இந்தியாவுக்கும் வந்தது. இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கான பாடம் இதில் இருக்கிறது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் கருவியோடு இலத்திரனியல் இசைக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர் போன்றவர்கள் அதில் துணிச்சலான இசையை உருவாக்கினார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தக் கூடம் அடங்கிப்போனது. அவர்கள் பதிந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் ஆவணக்காப்பகத்திலேயே கிடந்தன. பால் பர்காஸ் என்ற இசைக் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்து, 2023இல்தான் தொகுத்து வெளியிட்டார். திறமைக்கு அங்கே பஞ்சம் இல்லை. ஆனால் வந்தது செய்து முடித்த ஒரே ஒரு கருவி. விலை உயர்ந்தது; ஒரு அறைக்குள் இருந்தது. ஊர்ப் பையன் ஒருவன் அதைத் திறந்து பார்த்து, தன்னுடையதை ஒன்று செய்துகொள்ள வழி இருக்கவில்லை. அதனால்தான் அது பரவவில்லை என்பது என் கணிப்பு.

அதே காலத்துக்குப் பக்கத்தில் பெங்களூரில் நடந்ததைப் பாருங்கள். ஜி. ராஜ்நாராயண் ஒரு பொறியியலாளர், அத்தோடு புல்லாங்குழல் கலைஞர். தம்பூராவைக் கச்சேரிக்குக் கச்சேரி தூக்கிக்கொண்டு போவது எவ்வளவு சிரமம், பயணத்தில் அது எப்படிச் சுருதி கலையும் என்பது இசைக் கலைஞர்கள் எல்லோரும் அறிந்ததே. அவர் 1970களின் இறுதியில் இலத்திரனியல் சுருதிக் கருவியைச் செய்தார். ராடெல் என்ற அவருடைய நிறுவனம் பிறகு இலத்திரனியல் தம்பூரா, தபலா, டிஜிட்டல் வீணை என்று போய்க்கொண்டே இருந்தது. இன்று கர்நாடக சங்கீத மேடைகளில் அப்படி ஒரு பெட்டி இருப்பது சர்வ சாதாரணம். ‘ஸ’ பிடிக்கிற சத்தத்தை எந்த இலத்திரனியல்காரனும் உண்டாக்கிவிடுவான். தம்பூராவின் தந்தி பாலத்தைத் தொட்டுத் தொட்டு அதிரும்போது எழுகிற அந்த ஜீவனை என்ன செய்வது? அது காதுக்குள் இருக்கிறவனுக்குத்தான் எதைத் தேட வேண்டும் என்று தெரியும். சங்கீதமும் சோல்டர் கம்பியும் ஒரே ஆளின் கையில் சேர்ந்ததால் அது நடந்தது. இரண்டும் சேர்ந்த கைகள் நம் தோட்டங்களில் உண்டாக வேண்டும்.

அடுத்த படி, வயரைத் தொட்டு வாசிக்கிற பெட்டி. லண்டனில் பிரையன் ஜாவிஸ் 1967இல் கண்டுபிடித்த ஸ்டைலபோன் இப்படிப்பட்டது. உலோகத் தகடுகளைப் பேனா போன்ற ஒரு குச்சியால் தொட வேண்டும். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒவ்வொரு தடையி. நம் பிள்ளைகள் பலகையில் ஏழு திருகாணி அடித்து, ஒவ்வொன்றிலும் தடையியும் பிரீசெட்டும் இணைத்தால் போதும். எந்த ஏழு சுரம் என்பதை அவர்களே முடிவு செய்யலாம். கடையில் வாங்குகிற கீபோர்டு, பன்னிரண்டு சுரத்தையும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் நிறுத்திவைத்து அனுப்புகிறது. இந்தப் பெட்டியில் மோகனத்துக்கு ஐந்து திருகாணி போதும். காந்தாரத்தைப் பாட்டி தாலாட்டில் பாடுகிற இடத்துக்கே இறக்கி வைக்கலாம்.

ஆனால் நம் இசை சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவுகிற இசை மட்டும் இல்லையே, வழுக்கிப் போகிற கமகம் அல்லவா உயிர் என்று சங்கீத ஆசிரியை கேட்பார். சரியான கேள்வி. 27 கிலோ ஓம் தடையியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒளியுணர் தடையியைப் போடுங்கள். வெளிச்சத்தில் அதன் தடை சில ஆயிரம் ஓமுக்கு இறங்கும், இருட்டில் பத்து இலட்சம் ஓம் வரை ஏறும். மேலே கையை வைத்து மூடித் திறந்தால் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். ஜன்னலோரம் வைத்த பெட்டி, நமுனுகுலையிலிருந்து மூடுபனி இறங்கினால் தானாகவே சுருதி இறங்கும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை வேண்டியதில்லை. ஒரு நல்ல அசைவைக் கட்டுப்பாட்டோடு கொண்டுவருவது கடினம், நாள் கணக்கில் பழக வேண்டும். பழகட்டும். வாத்தியம் என்றால் அப்படித்தான்.

‘போனில் தம்பூரா இலவசமாகக் கிடைக்கிறதே, இதற்கு ஏன் இத்தனை பாடு?’ என்று ஒரு தகப்பனார் கேட்கலாம். சுருதி வைத்துப் பாடுவதற்கு மட்டும் என்றால் போனையே வையுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். பெட்டி எதற்கு என்றால், போன் வேலை செய்யாவிட்டால் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறது. பெட்டி வேலை செய்யாவிட்டால் உட்கார்ந்து யோசிக்கிறது. முதல் தடவை ஆளியைப் போட்டதும் பெரும்பாலான பெட்டிகள் பாடாது. ஐசியின் ஒரு முனையில் இருக்கிற வெட்டைக் கவனிக்காமல் தலைகீழாகச் செருகியிருக்கும். 4ஆம் காலை மின்னோடு சேர்க்க மறந்திருக்கும். 2ஆம் காலையும் 6ஆம் காலையும் இணைக்கிற வயர் பக்கத்து ஓட்டைக்குப் போயிருக்கும். அந்த அரைமணி நேரம்தான் முழுப் பாடத்திலும் விலை மதிக்க முடியாதது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த நேரத்தில் உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளையிடமிருந்து வாங்கித் திருத்திக் கொடுக்காதீர்கள். மின்கலத்தில் தொடங்கி ஒவ்வொரு வயராக விரல் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். தானே கண்டுபிடித்த பிழைக்குப் பிறகு பெட்டி கத்துகிறபோது அந்த முகத்தைப் பாருங்கள். பெண்பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பாக வேண்டும். சாமானைத் திறக்காதே, உடைத்துவிடுவாய் என்ற சொல்லை அவர்கள்தான் கூடுதலாகக் கேட்டு வளர்கிறார்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். கிட்டின் மொத்தச் செலவு ஒரு பேர்க் காசை, அதாவது ஒரு நாள் கூலியைத் தாண்டக் கூடாது என்று நாமே ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே அரைப்பேருக்கும் முழுப்பேருக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். முதல் கிட்டில் சூட்டுக்கோல் வேண்டாம். பிரெட்போர்டில் செருகிச் செய்தால் பிழையான இடத்திலிருந்து பிடுங்கி மறுபடி செருகலாம், எதுவும் வீணாகாது. இரண்டாம் கட்டத்தில் சோல்டர் செய்யட்டும். பழைய வகைச் சோல்டரில் ஈயம் இருக்கிறது, அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். வீட்டு மின்சாரம் பக்கமே போகக் கூடாது; மின்கலம் மட்டும். 555க்கு 4.5 வோல்ட்டே போதும் என்பதால் சின்ன மின்கலம் மூன்றைத் தொடராக வைத்தும் ஓட்டலாம்.

செய்முறைத் தாள் தமிழில் இருக்க வேண்டும், பாடப்புத்தகத்தில் பிள்ளை படித்த அதே சொற்களில். தடையி, கொள்ளளவி, மீடிறன் என்று வகுப்பில் படித்தது வேறு, கையில் இருக்கிற சாமான் வேறு என்ற நினைப்பு வரக் கூடாது. சாதாரண தரத்தில் ஒரு பிள்ளை கர்நாடக சங்கீதத்தையும் எடுக்கலாம், இலத்திரனியல் தொழினுட்பப் பாடத்தையும் எடுக்கலாம். இரண்டு ஆசிரியரும் ஒரு பாடவேளையில் ஒன்றாக வகுப்புக்குள் வந்து நான் பார்த்ததில்லை. இந்தப் பெட்டி அவர்களை ஒன்றாக அழைத்து வரட்டும்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். செய்த பெட்டி பிள்ளைக்கே சொந்தம். ஆய்வுகூட அலுமாரியில் பூட்டிவைத்து, அதிகாரிகள் வருகிற நாளில் மட்டும் எடுத்துக் காட்டுகிற சாமானாக இது ஆகிவிடக் கூடாது. வீட்டுக்குப் போகட்டும். தம்பி உடைக்கட்டும், அக்கா திருத்தட்டும். மார்கழிப் பஜனையில் ஆர்மோனியம் பழுதானால் கோவிலுக்குப் போகட்டும். ஒரு ஐசி எரிந்துபோனால் மாற்ற இன்னொன்றைப் பொதியிலேயே சேர்த்துக் கொடுங்கள். எரியும் என்று தெரிந்தே கொடுங்கள், பிள்ளைக்குப் பயம் போகும்.

பேசியது போதும். அந்த மேசையில் பிள்ளைகள் சாமான்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். தாய்மாரே, தகப்பன்மாரே, நீங்கள் முதலில் வாருங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று வழி சொல்வார்கள், கை உங்களுடையதாக இருக்கட்டும். முதலில் 27 கிலோ ஓம் தடையியைத் தேடி எடுங்கள்: சிவப்பு, ஊதா, செம்மஞ்சள்.